அசைவை மீட்ட வரலாறு: வேலூரிலிருந்து ஷார்ஜா தொழில்பேட்டை வரை

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களுள் வளைகுடாவைத் தொடாத குடும்பம் அரிது. 1970களின் இறுதியிலிருந்து எமது தந்தையரும் அண்ணன்மாரும் அங்கு சென்று உழைத்தார்கள். சிலர் உழைத்து ஊர் திரும்பினார்கள். சிலர் ஊர் திரும்ப இயலாமல் அங்கிருந்தே இன்று நாம் வாழும் நாடுகளுக்கு வழி தேடினார்கள். அவர்களுள் கணிசமானோர் வாழ்ந்த இடம் ஷார்ஜாவின் தொழில்பேட்டை. ஊர்ப்பெயர்களுக்குப் பதிலாக இலக்கங்களால் அழைக்கப்படும் அந்தப் பகுதிகளில் இரும்பு ஒட்டும் பட்டறைகளும், வாகனத் திருத்தகங்களும், பழைய உதிரிப்பாகக் கடைகளும், தளபாடத் தொழிற்சாலைகளும், அவற்றின் பின்புறமாக அடுக்குக் கட்டில்கள் நிறைந்த தொழிலாளர் விடுதிகளும் இருக்கின்றன. உடலின் மூட்டுகளும் தசைகளும் ஒவ்வொரு நாளும் விலை பேசப்படும் இடம் அது. எனவே, முடங்கிய மூட்டை மீட்கும் கலையாகிய இயன்மருத்துவத்தின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்க எண்ணுகின்றோம்.

எமது மைத்துனர் ஒருவர் அங்கே இரும்புப் பட்டறையொன்றில் வேலை செய்தவர். ஏணியிலிருந்து விழுந்ததில் வலது மேற்கை எலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை செய்து, உலோகத் தகடு பொருத்தி, சில நாட்களில் அனுப்பிவிட்டார்கள். சிகிச்சை திறமாகவே செய்யப்பட்டிருந்தது என்று பின்னர் இங்குள்ள மருத்துவர்களும் சொன்னார்கள். ஆனால் அவர் கையில் கொடுத்த தாளின் கடைசி வரியில் எழுதப்பட்டிருந்த ஒரு சொல்லை எவரும் அவருக்கு விளக்கவில்லை. விடுதிக்குத் திரும்பி, கையைத் துணியால் கழுத்தில் தொங்கவிட்டபடி மூன்று மாதம் அசையாமல் இருந்தார். அசைத்தால் தகடு கழன்றுவிடும் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாராம். வேலைக்கு உதவாதவன் என்று தெரிந்தால் விசாவை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் வலியைச் சொல்லவும் இல்லை. எலும்பு நன்றாகவே பொருந்திவிட்டது. தோள்தான் உறைந்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தபின் அவரைப் பரிசோதித்த இயன்மருத்துவப் பெண், "பயிற்சியை எந்த வாரத்தில் தொடங்கினீர்கள்?" என்று கேட்டார். மொழிபெயர்ப்புக்காகச் சென்றிருந்த எம்மை அவர் திரும்பிப் பார்த்தார். பயிற்சி என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. அந்தத் தாளில் இருந்த சொல் 'பிசியோதெரபி'.

இது அவர் ஒருவருடைய அறியாமை அன்று. நோயுற்ற உறுப்பை அசையாமல் வைத்திருப்பதே சிகிச்சை என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. சத்திரசிகிச்சை முடிந்தவரை வாரக்கணக்கில் கட்டிலில் கிடத்தி வைப்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை பொது வழக்கமாக இருந்தது. படுக்கையில் கிடக்கும் உடலில் தசை நாட்கணக்கிலேயே மெலியத் தொடங்குகிறது. மூட்டைச் சூழ்ந்த உறை சுருங்குகிறது. கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்தும் ஏற்படுகிறது. இவை ஓய்வின் விளைவுகள் என்பதை உணர மருத்துவர்களுக்கு இரண்டு உலகப் போர்கள் தேவைப்பட்டன.

எமது முன்னோர் இதில் முற்றிலும் அறியாதவர்களாக இருக்கவில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பெயரில் தேய்த்தும் பிடித்தும் செய்யும் முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஊர்தோறும் முறிவு வைத்தியப் பரம்பரைகள் இருந்தன. ஆந்திர எல்லையிலுள்ள புத்தூர்க் கட்டைத் தேடித் தமிழகத்திலிருந்து இன்றும் மக்கள் போகிறார்கள். கட்டவிழ்த்தபின் எண்ணெய் பூசி உருவி, மெல்ல மெல்ல மடக்கி நீட்டச் சொல்லும் பரியாரியாரை எம்முள் மூத்தவர்கள் பலரும் கண்டிருப்பார்கள். அந்த இரண்டாவது பகுதி, அதாவது மடக்கி நீட்டுவது, முதற்பகுதியாகிய கட்டைப்போலவே முக்கியமானது. கட்டு மட்டும் நினைவில் நின்று, மற்றது மறக்கப்பட்டுவிட்டது.

ஐரோப்பாவில் இக்கலை ஒரு கல்வியாக வடிவம் பெற்றது 1813 இல். சுவீடன் நாட்டவரான பேர் ஹென்றிக் லிங் என்பவர் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிலையமொன்றை நிறுவி, நோயாளருக்கான அசைவுகளை முறைப்படுத்தினார். 1894 இல் இங்கிலாந்தில் நான்கு தாதியர் சேர்ந்து, பயிற்சி பெற்ற உருவுநருக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். உருவுதல் என்ற பெயரில் இலண்டனில் நடந்த வேறு வியாபாரங்களிலிருந்து தமது தொழிலின் மானத்தைக் காப்பது அவர்களுடைய நோக்கங்களுள் ஒன்று. 1914 இல் தொடங்கிய முதலாம் உலகப் போர் அவர்களிடம் ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோய் அலைகள் அவ்வேலையை மேலும் பெருக்கின. 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், ஜேர்மனியிலிருந்து அகதியாக வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், முள்ளந்தண்டு முறிந்து கைவிடப்பட்ட படைவீரர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தும், பயிற்சியளித்தும், விளையாட வைத்தும் வாழவைத்தார். இன்றைய பராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் 1948 இல் அவர் அங்கு நடத்திய வில்வித்தைப் போட்டியே. ஓர் அகதியின் கைவண்ணம் என்பதால் இதை இங்கே சற்று அழுத்திச் சொல்கின்றோம்.

ஆனால் இவ்வரலாற்றின் மிகச் செறிவான பக்கங்களுள் ஒன்று தமிழ் மண்ணிலேயே எழுதப்பட்டது. அது வேலூரில் நடந்தது.

1946 இன் இறுதியில் போல் பிராண்ட் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, நகம்போல் மடங்கிய விரல்களைக் கொண்ட நோயாளர்களை அங்கே கண்டார். அதுவரை எலும்பு மூட்டு நிபுணர் எவரும் அக்கைகளைக் கருத்துடன் ஆராய்ந்ததில்லை. நோயாளி ஒருவரிடம் தமது கையைப் பிடித்து அழுத்தும்படி பிராண்ட் கேட்டார். செயலற்றது என்று கருதப்பட்ட அந்தக் கையின் பிடி அவருக்கு வலியெடுக்குமளவு பலமாக இருந்தது. நோய் தாக்கியது உள்ளங்கையின் சிறு தசைகளை இயக்கும் நரம்புகளையே. முன்கையின் பெருந்தசைகள் பழுதின்றி இருந்தன என்பதை அந்த ஒரு பிடியிலிருந்தே அவர் புரிந்துகொண்டார்.

நல்ல தசையொன்றின் நாணை இடம்மாற்றி, செயலிழந்த தசையின் வேலையை அதைக்கொண்டு செய்விக்கலாம் என்பது அவர் திட்டம். 1948 அளவில் அச்சத்திரசிகிச்சைகள் தொடங்கின. மோதிரவிரலை மடக்கும் இரு நாண்களுள் ஒன்றை எடுத்து, நான்காகப் பிளந்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுசென்று தைப்பது அம்முறைகளுள் ஒன்று. கத்தியின் வேலை அத்துடன் முடிந்துவிடும். வாரக்கணக்கில் மாவுக்கட்டில் இருந்த கை வெளிவரும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. நேற்றுவரை மோதிரவிரலை மடக்கிய தசை, இன்று எல்லா விரல்களின் கணுக்களையும் நீட்டி நிறுத்த வேண்டும். தசைக்கு இது தெரியாது, மூளைக்கும் தெரியாது. நோயாளி மோதிரவிரலை மடக்க முயல வேண்டும். வேறோர் அசைவு நிகழ்வதைக் கண்ணால் காண வேண்டும். அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்குப் பல தடவை, வாரக்கணக்கில், ஒருவர் அருகிலிருந்து கற்பிக்காவிட்டால் சத்திரசிகிச்சை வீணாகிவிடும்.

அந்த ஒருவராக அமைந்தவர், சீனாவில் பணியாற்றிவிட்டு வேலூர் வந்த இயன்மருத்துவர் ரூத் தோமஸ் அம்மையார். தொழுநோயாளரின் கையை எவரும் தொட அஞ்சிய காலத்தில், அக்கைகளைத் தம் கைகளில் ஏந்தி, எண்ணெயிட்டு, விரல் விரலாக நீவிப் பயிற்சியளித்தார். சத்திரசிகிச்சைக்கு முன்னரே விறைத்த கணுக்களைத் தளர்த்தி, கையைத் தயார்செய்யும் பொறுப்பும் அவருடையதாயிற்று. அறுவைக்கு முன்னும் பின்னும் இயன்மருத்துவம் என்ற இன்றைய முறை அங்கே ஏழைத் தமிழ் நோயாளர்களின் கைகளில் பழகிப் பார்க்கப்பட்டது. பிராண்டின் பெயர் உலகெங்கும் பரவிய அளவுக்கு அந்த அம்மையாரின் பெயர் பரவவில்லை. எமது மைத்துனரின் கதையை அறிந்த நாம் அதையும் ஒரு பாகுபாடாகவே காண்கின்றோம். தைத்தவர் புகழ் பெறுகிறார், பழக்கியவரை எவரும் நினைப்பதில்லை.

1951 இல் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு அமைக்கப்பட்டது. கை மீண்டவர்கள் அங்கே தங்கி, தச்சுவேலை போன்ற தொழில்களைப் பழகினார்கள். உணர்ச்சியற்ற கையால் வேலை செய்வது எளிதன்று. வலி என்ற காவற்காரன் இல்லாத கை, ஆணி குத்தினாலும் சுட்டாலும் அறியாது. பிராண்ட் தமது வாழ்நாள் முழுவதும் வலியின் பயனைப் பற்றிப் பேசியதற்கு இதுவே காரணம். வளைகுடாவில் பனடோல் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வலியை அமுக்கியபடி பாரம் தூக்குவோர் இதைச் சிந்திக்கலாம்.

வேலூரின் கதை அத்துடன் முடியவில்லை. 1954 சனவரியில், கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சென்ற வாகனமொன்று விபத்துக்குள்ளாகி உருண்டது. கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ் என்ற பெண் மருத்துவரின் முள்ளந்தண்டு சிதைந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. சத்திரசிகிச்சை நிபுணராகும் கனவு கலைந்தது என்று எவரும் முடிவுகட்டியிருக்கக்கூடிய நிலை. ஆனால் கைச் சத்திரசிகிச்சை உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயாளரின் கைகளை அவர் சீர்செய்தார். பின்னர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் தாமே பயிற்சி பெற்றுத் தற்சார்படைந்தார். நியூயோர்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் கற்றார். 1963 இல் வேலூருக்குத் திரும்பி அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966 இல் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972 இல் அவருக்குப் பத்மசிறீ விருது கிடைத்தது. 1986 இல் அவர் காலமானார். நிலையம் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. மரமேறும்போதும் கிணறு வெட்டும்போதும் விழுந்து முதுகு முறிந்த எத்தனையோ கூலித் தொழிலாளர் அங்கிருந்து தம் ஊர்களுக்குத் திரும்பிச் சென்றிருக்கிறார்கள்.

இதே காலத்தில்தான் இத்துறைக்கான பள்ளிகளும் தோன்றின. பம்பாயின் கே.ஈ.எம். மருத்துவமனையில் 1950களின் தொடக்கத்திலும், கொழும்பில் 1957 இலும் இயன்மருத்துவப் பயிற்சி தொடங்கியது. பம்பாய்ப் பள்ளிக்குத் தூண்டுதலாக இருந்தது அந்நகரைத் தாக்கிய இளம்பிள்ளைவாதம்.

எமக்கு நெருக்கமான மற்றொரு கிளை ஜெய்ப்பூரில் முளைத்தது. 1968 இல், அங்குள்ள சவாய் மான்சிங் மருத்துவமனையில் மருத்துவர் பி. கே. சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞரான இராமச்சந்திர சர்மாவும் சேர்ந்து, இரப்பரால் பொதிந்த ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்கென்றே செய்யப்பட்டது. ஜெய்ப்பூர்க் காலோ வெறுங்காலாக நடக்கவும், குந்தியிருக்கவும், சேற்று வயலில் இறங்கவும் இடங்கொடுத்தது. 1987 இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் நிறுவப்பட்டபோது இக்கலை எமது ஊருக்கு வந்தது. பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளிலும், இடப்பெயர்வுகளின் நடுவிலும், மிதிவெடியாலும் எறிகணையாலும் கால் இழந்தோருக்கு அது கால் கொடுத்தது. கால் பொருத்துவதற்கு முன்னர் செய்ய வேண்டியதை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். வெட்டப்பட்ட காலுக்கடியில் தலையணை வைப்பது இதமாக இருக்கும். வீட்டார் அன்பினால் அதையே செய்வார்கள். ஆனால் அப்படியே வைத்திருந்தால் இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல செயற்கைக் காலும் பயன்படாது. ஆகவேதான் குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள், காலை நீட்டிப் பழகச் சொல்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுப்பவர் இல்லாத இடத்தில் அன்பே ஊனத்தைக் கூட்டிவிடுகிறது.

முதுகுவலிக்குக் கட்டிலே மருந்து என்ற நம்பிக்கையும் 1995 இல் ஆட்டங்கண்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களுள் திடீர் முதுகுவலியால் அவதியுற்ற 186 பேரை அந்நாட்டு ஆய்வாளர்கள் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு. இரண்டாம் பிரிவினருக்கு முதுகை அசைக்கும் பயிற்சிகள். மூன்றாம் பிரிவினர் வலி பொறுக்கும் அளவில் அன்றாட அலுவல்களைத் தொடர்ந்தார்கள். விரைவாகத் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினரே. படுத்தவர்கள் எல்லாரிலும் பின்தங்கினார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரசபை ஊழியரின் அன்றாட அலுவல் வேறு, ஷார்ஜாப் பட்டறையில் இரும்புச் சட்டம் தூக்குவது வேறு. 'படுக்காதே' என்பதைப் 'பாரம் தூக்கு' என்று மேற்பார்வையாளர் மொழிபெயர்த்துக்கொண்டால் அது மருத்துவம் ஆகாது.

இனி ஷார்ஜாவுக்கே திரும்புவோம். 1950களில் அங்கு மருத்துவமனை நடத்தியவர் சாரா ஹொஸ்மன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர். சிறுவயதிலேயே ஒரு காலை இழந்து, செயற்கைக் காலுடன் மஸ்கற்றிலும் ஷார்ஜாவிலும் வீடுவீடாக நடந்து பிரசவம் பார்த்தவர் அவர். 1971 திசெம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவானது. 1974 இல் ஷார்ஜாவின் முபாரக் கடற்பரப்பிலிருந்து எண்ணெய் வரத் தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் நகரின் எல்லைக்கப்பால் மணல்வெளி தொழில்பேட்டையாகியது. எமது ஊரவர்கள் வந்து இறங்கியது அக்காலத்தில்தான். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது 1985 இல். அதற்கு முன் சென்றவர்களுக்கு முகவர் சொன்னதே வேதவாக்கு.

அவர்களுள் மிகச் சிலரே அறிந்திருந்த ஒரு செய்தி உண்டு. அமீரகத்தின் 1980 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் தொழிற்சட்டம், வேலையில் காயமடைந்தவரின் சிகிச்சைச் செலவை, அவர் குணமடையும்வரை அல்லது வலுவிழப்பு உறுதிசெய்யப்படும்வரை, தொழில்தருநரே ஏற்க வேண்டும் என்று விதித்திருந்தது. மருத்துவமனைத் தங்கல், சத்திரசிகிச்சை, கதிர்ப்படம், மருந்து ஆகியவற்றோடு புனர்வாழ்வுச் சாதனங்களும் செயற்கை உறுப்புகளும் அச்செலவில் அடங்கும் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறியது. சிகிச்சைக் காலத்தில் ஆறு மாதம்வரை முழுச் சம்பளம். அதற்கு மேலும் நீடித்தால் மேலும் ஆறு மாதம்வரை அரைச் சம்பளம். எமது மைத்துனர் கையை மறைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியபோது இந்தச் சட்டம் ஏட்டில் இருந்துகொண்டுதான் இருந்தது. அரபியில் அச்சிட்ட சட்டம் ஆறாவது கட்டிலில் படுத்திருந்த தமிழனுக்கு எட்டவில்லை.

2021 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் 2022 பெப்ரவரி 2 ஆந் திகதி நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை அகற்றியது. சிகிச்சையும் சம்பளமும் பற்றிய விதிகள் ஏறத்தாழ அவ்வாறே தொடர்கின்றன. மரண நட்டஈட்டின் உச்ச வரம்பு 35,000 திர்ஹத்திலிருந்து 200,000 திர்ஹமாக உயர்ந்தது. விபத்தாக அன்றி, பல ஆண்டுப் பாரத்தால் தேய்ந்த முழங்காலையும் முதுகையும் வேலையால் வந்தவை என்று நிறுவுவது இன்றும் கடினமே.

மருத்துவக் காப்புறுதி அபுதாபியில் 2006 அளவிலும், துபாயில் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரும் கட்டாயமாயிற்று. ஷார்ஜா உள்ளிட்ட வட அமீரகங்களின் தனியார்துறைத் தொழிலாளருக்கு அது 2025 சனவரி 1 ஆந் திகதியே வந்தது. அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹம். அதைச் செலுத்த வேண்டியவர் தொழில்தருநர். ஒரு வீதிக்கு அப்பாலுள்ள துபாயில் வேலை செய்தவருக்குக் கிடைத்தது, இப்பால் இருந்தவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே கிடைத்தது. அத்துடன், துபாயின் அடிப்படைத் திட்டம் இயன்மருத்துவத்துக்கு ஆண்டொன்றுக்கு ஆறு தடவை என்று வரையறை இட்டது. ஒவ்வொரு தடவையும் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தொழிலாளி செலுத்த வேண்டும். முழங்கால் நாண் சத்திரசிகிச்சைக்குப் பின் மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படும் ஒருவருக்கு ஆறு தடவை என்பது தொடக்கத்துக்கே போதாது. ஆனால் வேலையில் ஏற்பட்ட காயத்துக்குக் காப்புறுதியின் எண்ணிக்கை எல்லையன்று. அங்கே தொழில்தருநரின் பொறுப்பு குணமாகும்வரை தொடர்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் பலர் தமக்குரியதை இழக்கிறார்கள்.

உறவினர் எவரேனும் இன்று அங்கே இருப்பின், தொலைபேசியில் பேசும்போது சிலவற்றைச் சொல்லி வைக்கலாம். காயம் வேலையில் ஏற்பட்டதென்று அன்றே எழுத்தில் பதிவுசெய்விக்க வேண்டும். மருத்துவமனையை விட்டு வரும்போது, எந்த நாளிலிருந்து எந்த அசைவைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று கேட்டு எழுதிவாங்க வேண்டும். ஆறு தடவைதான் கிடைக்கும் என்றால் முதல் தடவையிலேயே அறையில் தனியாகச் செய்யக்கூடிய பயிற்சிகளைக் கேட்டுப் பழக வேண்டும். கைபேசியில் படம் எடுத்துவைப்பதற்கு எவரும் தடை சொல்வதில்லை. தோளுக்கு ஒரு சுவரும், முழங்காலுக்கு ஒரு சுருட்டிய துவாயும் பெரும்பாலும் போதும். எமது மைத்துனர் இங்கே பதினான்கு மாதம் சுவரில் விரலால் ஏறி ஏறித்தான் தோள் உயரத்தைத் தாண்டினார்; தலைக்கு மேலே இன்னும் எட்டவில்லை.

அங்குள்ள மருத்துவமனைப் பலகைகளில் இத்துறை 'இலாஜ் தபீஈ' என்று அரபியில் எழுதப்பட்டிருக்கும். சொல்லுக்குச் சொல் அதன் பொருள் இயற்கைச் சிகிச்சை என்பது. தாளின் கடைசி வரியில் இச்சொல் இருந்தால் அந்த அறை எங்கே என்று கேட்டுவிட்டே வெளியே வரும்படி அவர்களிடம் சொல்லுங்கள்.